26 இஞ்ச் மவுண்டன் பைக்குக்கு டயர் தேடுகிறீர்களா?

புது மவுண்டன் பைக்குகள் 27.5, 29 இஞ்சுக்குப் போய்விட்டதால், பழைய 26 இஞ்ச் சக்கரத்துக்கு நல்ல டயர் கிடைக்காது என்று பலர் வண்டியையே ஓரங்கட்டிவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். டர்ட் ஜம்ப் பைக்குகள் (மண்மேடுகளில் ஏறித் தாவும் சாகச சைக்கிள்கள்) இன்றும் பெரும்பாலும் 26-இல்தான் ஓடுகின்றன. அந்தப் பெயரில் தேடினாலே தரமான டயர்கள் கண்ணில் படும்.

கடைக்குப் போகும் முன் பழைய டயரின் பக்கவாட்டைத் துணியால் துடைத்துப் பாருங்கள். 54-559 என்பதுபோல் சின்ன எழுத்தில் ஓர் எண் இருக்கும். 54 அகலம், 559 டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். இந்த 559தான் முக்கியம். 26 x 1 3/8 என்று பின்னத்தில் எழுதிய டயரும் ‘26 இஞ்ச்’தான், ஆனால் அதன் விட்டம் 590. கடைக்காரர் எடுத்து நீட்டுவார், நாமும் வாங்கி வருவோம், வீட்டில் மாட்டினால் தொளதொளவென்று நிற்கும். (நான் ஒருமுறை ஏமாந்தேன்.) 24 இஞ்ச் மவுண்டன் பைக் என்றால் 507 பாருங்கள்.

அப்புறம், பெரும்பாலும் தார்ச்சாலையில் ஓட்டுபவருக்குக் கட்டை கட்டையான பட்டன் டயர் தேவையே இல்லை. இரைச்சலும் மிதிக்கும் பாரமும்தான் மிச்சம். நடுவில் வழவழப்பான 1.75 இஞ்ச் அகல டயர் போதும்.

வெகுநாள் கடையில் கிடந்த சரக்காக இருந்தால், ரப்பரை வளைத்து வெடிப்பு தெரிகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.