வீட்டில் கிட்டார் ரெக்கார்டிங்: காசு எங்கே வீணாகிறது?

கிட்டார் கேபிளின் பெரிய பின்னை லேப்டாப்பின் சின்ன மைக் துளைக்குப் பொருத்தித் தரும் கன்வெர்ட்டர், சென்னை ரிச்சி தெருவில் சொற்பக் காசுக்குக் கிடைக்கும். செருகினால் சத்தமும் வரும். வருகிறதே என்று நம்பி, அந்த மந்தமான, இரைச்சல் மண்டிய ஒலியைத் தேற்ற மென்பொருள் மேல் மென்பொருளாக இறக்கிப் பார்ப்பவர்கள் நிறைய. கோளாறு மென்பொருளில் இல்லை. எலெக்ட்ரிக் கிட்டாரில் ஸ்ட்ரிங்கின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் தருவது மெல்லிய, இம்பீடன்ஸ் (மின் எதிர்ப்பு) அதிகமுள்ள சிக்னல். அதை வாங்கும் துளையின் இம்பீடன்ஸ் 1 மெகாஓம் அளவில் இருந்தால்தான் ட்ரெபிள் (கூர்மையான மேல் ஒலி) முழுசாக வந்து சேரும். லேப்டாப் துளையில் இருப்பது சில கிலோஓம்தான். அது ஹெட்செட் மைக்குக்காகச் செய்தது. நுழைவிலேயே தொலைந்த ட்ரெபிளை மென்பொருளோடு சேர்க்கும் எந்தப் பிளக்-இன்னும் திருப்பித் தராது.

ஆகவே முதல் செலவு ஆடியோ இன்டர்ஃபேஸ், அதாவது கிட்டாரையும் மைக்கையும் கணினியோடு இணைக்கும் பெட்டி. அதை வாங்கியவர்களிலும் பலர் பழைய தவறையே தொடர்கிறார்கள்: முகப்பில் 'இன்ஸ்ட்' என்றோ கிட்டார் படத்தோடோ ஒரு பட்டன் இருக்கும், அதை அழுத்துவதே இல்லை. அழுத்தாவிட்டால் அந்தத் துளை கீபோர்டு, மிக்சர் போன்றவற்றுக்கான லைன் துளையாகவே இருக்கும்.

தனியாக வாசிப்பவருக்கு எட்டுத் துளை இன்டர்ஃபேஸ் தேவையில்லை. ஒரு கிட்டார், ஒரு மைக் செருகும் ஸ்கார்லெட் சோலோ வகைக் கருவி தாராளம். 'யுஎஸ்பி மைக் இருக்கிறதே, அதையும் சேர்த்துக்கொள்ளலாம்' என்று திட்டம் போடாதீர்கள். விண்டோஸில் ரெக்கார்டிங் மென்பொருள் பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு ஏசியோ கருவியோடுதான் பேசும்.

இந்த ஏசியோவைத்தான் கடையில் யாரும் கேட்பதில்லை. 1997-இல் ஸ்டைன்பெர்க் நிறுவனம் கொண்டுவந்த டிரைவர் முறை இது. விண்டோஸின் வழக்கமான ஒலிப் பாதை வழியாகச் சுற்றிப் போகாமல் மென்பொருளும் இன்டர்ஃபேஸும் நேரடியாகப் பேச வழி செய்கிறது. மலிவுக் கருவிகள் சிலவற்றுக்குச் சொந்த ஏசியோ டிரைவர் கிடையாது, பொது டிரைவரைப் போட்டுச் சமாளிக்கச் சொல்வார்கள். சில கணினிகளில் ஓடும், சிலவற்றில் ஒலி படபடவென்று வெடிக்கும். வாங்கும் முன் தயாரிப்பாளர் தளத்தில் அந்த மாடலுக்கு டிரைவர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மேக்கில் இந்தத் தலைவலி அநேகமாக இல்லை, அதன் சொந்த ஒலி முறையான கோர் ஆடியோ கூடவே வருகிறது.

டிரைவர் ஏன் இவ்வளவு முக்கியம்? லேட்டன்சிக்காக, அதாவது வாசித்தது காதுக்கு வந்து சேர ஆகும் தாமதத்துக்காக. கணினி ஒலியைக் கொத்துக் கொத்தாக வாங்குகிறது, அந்தக் கொத்தின் அளவுதான் பஃபர். நொடிக்கு 44,100 சாம்பிள் (ஒலியின் அளவீடு) என்றால், 128 சாம்பிள் பஃபர் சுமார் 3 மில்லி நொடி. 1024 என்று வைத்தால் 23. உள்ளே வர ஒருமுறை, வெளியே போக ஒருமுறை என்று இரண்டு தடவை இது சேரும், மற்ற தாமதங்கள் தனி. காற்றில் ஒலி ஒரு மீட்டர் கடக்கவே கிட்டத்தட்ட 3 மில்லி நொடி ஆகிறது. மூன்று மீட்டர் தள்ளி ஆம்ப் வைத்து வாசிப்பவருக்கு 9 மில்லி நொடித் தாமதம் எப்போதுமே இருக்கிறது, அது அவரைத் தொந்தரவு செய்வதில்லை. அதுவே நாற்பதைத் தாண்டினால் விரல் ஒரு பக்கம், காது ஒரு பக்கம் என்று தாளம் தள்ளாடும். பதிவு செய்யும்போது பஃபரைக் குறையுங்கள், மிக்ஸிங்குக்கு உட்காரும்போது ஏற்றிக்கொள்ளுங்கள். புளூடூத் ஹெட்போன் இந்த வேலைக்கு ஆகவே ஆகாது, எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் சரி. இன்னொன்று: மென்பொருளில் ஆம்ப் ஓடும்போது கிட்டார் ஒலியைக் கணினிக்குள் போகாமலே ஹெட்போனுக்கு அனுப்பும், இன்டர்ஃபேஸின் டைரக்ட் மானிட்டரை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வெறும் கிட்டார் முன்னால், ஆம்ப் ஒலி பின்னால் என்று இரண்டும் சேர்ந்து கேட்கும்.

சரி, மென்பொருள். நேர்த்தியாகப் பதிவு செய்ய இன்று ஏறக்குறைய எதுவும் போதும் என்பதே என் கட்சி. மேக் வைத்திருந்தால் கராஜ்பேண்ட் இலவசம். ரீப்பரை 60 நாள் முழுசாகப் பயன்படுத்திப் பார்க்கலாம், தனிநபர் உரிமம் 60 டாலர். லினக்ஸில் 'ஆர்டர்' (Ardour) என்ற மென்பொருள் இருக்கிறது. ஆடாசிட்டி வெட்டி ஒட்ட அருமையானது, ஆனால் வாசிக்கும்போதே டிஸ்டார்ஷனோடு கேட்க அதில் வழியில்லை. இருந்தும் இலவசம் என்பதற்காக அதிலேயே ஆரம்பித்துத் திணறுகிறார்கள். கிராக் செய்த பிளக்-இன்களைப் பற்றி ஒன்றுதான்: கணினிக்குள் வேறென்ன நுழைகிறது என்று உங்களுக்குத் தெரியாது. ஆம்பைக் கணினியில் போலச் செய்யும் நியூரல் ஆம்ப் மாடலர் போன்றவை இலவசமாகவே கிடைக்கும்போது அந்த வம்பு எதற்கு? அதில் ஏற்றும் ஆம்ப் மாடல், ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப் ஹெட்டை மட்டும் பிரதி எடுத்ததாக இருந்தால், ஸ்பீக்கர் கேபினெட்டின் ஒலித்தன்மையைப் பதிந்துவைத்த ஐஆர் கோப்பையும் சேர்க்க வேண்டும். அது இல்லாத டிஸ்டார்ஷன் குளவிக் கூட்டைக் கலைத்த மாதிரிதான் கேட்கும்.

ஒலி அளவு விஷயத்தில் பழைய டேப் காலத்துப் பழக்கம் வேண்டாம். முள்ளைச் சிவப்பு வரை ஏற்ற அவசியமில்லை. 24 பிட்டில், பலமாக அடிக்கும் இடம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நின்றால் போதும். பூஜ்யத்தைத் தொட்டுக் கிழிந்த ஒலியைத் தைக்க முடியாது. 192 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 1,92,000 சாம்பிளில், பதிவு செய்வதால் நிறைவது ஹார்ட் டிஸ்க் மட்டும்.

அப்புறம் நம் வீடுகளின் நிரந்தர விருந்தாளி, 'ஹம்'. சிங்கிள் காயில் (ஒற்றைக் கம்பிச் சுருள்) பிக்கப் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் முணுமுணுப்பை அப்படியே இழுத்துக்கொள்ளும். பழைய டியூப் லைட்டின் சோக், ஃபேன் ரெகுலேட்டர், லேப்டாப் சார்ஜர் மூன்றையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். சார்ஜரைப் பிடுங்கியதும் சத்தம் நின்றால் அந்தப் பதிவை பேட்டரியிலேயே முடித்துவிடலாம். நாற்காலியோடு கால்வட்டம் திரும்பி உட்கார்ந்தாலே பாதி ஹம் குறையும் இடம் ஒன்று அறையில் கிடைக்கும். சிலர் ஹம்முக்குப் பயந்து பிளக்கின் எர்த் பின்னையே உடைத்துவிடுகிறார்கள். ஸ்ட்ரிங்கைத் தொட்டுக்கொண்டே வாசிப்பவருக்கு அது உயிர் ஆபத்து.

ஆம்பிலிருந்து பதிவு செய்ய விரும்பினால் அதன் ஸ்பீக்கர் அவுட்டை இன்டர்ஃபேஸில் செருகக் கூடாது. அங்கே வருவது பவர், கருவி கருகிவிடும். லைன் அவுட் இருந்தால் அதிலிருந்து எடுங்கள், இல்லையென்றால் ஆம்ப் முன்னால் எஸ்எம்57 போல ஒரு டைனமிக் மைக்கை வையுங்கள். அக்கூஸ்டிக்குக்குக் கண்டென்சர் மைக் என்றால் 48 வோல்ட் பட்டனைப் போட மறக்காதீர்கள். மைக்கை கிட்டாரின் ஓட்டைக்கு நேராக நீட்டினால் பாஸ் குமுறும். 12-ஆம் ஃப்ரெட்டுக்கு எதிரே ஓர் அடி தள்ளி வைத்து, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக் கேளுங்கள். ஃபேனை நிறுத்திவிட்டு.