முல்தானி மெட்டி எத்தனை நாள் வரும்? களிமண் பொடிகளைக் கெடாமல் வைக்கும் முறை

சில வருடங்களுக்கு முன்பு ஆவணி மாதத்தில் நாட்டு மருந்துக் கடையில் முல்தானி மெட்டி இரண்டு பாக்கெட் வாங்கினேன். ஒன்றைப் பிரித்து கடலை மாவு, கஸ்தூரி மஞ்சள், ரோஜா இதழ்ப் பொடி எல்லாம் கலந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, கைக்கு எட்டட்டும் என்று குளியலறை அலமாரியில் வைத்தேன். இன்னொன்று பிரிக்காமலே பீரோவில் கிடந்தது.

கார்த்திகை அடைமழையில் ஒருநாள் டப்பாவைத் திறந்தால், நனைந்த சாக்கு வாடை. மேலே குண்டுமணி அளவில் கட்டிகள். ஒன்றை விரலால் நசுக்கினேன். உள்ளே சாம்பல் பச்சையில் பஞ்சு மாதிரி பூசணம். ஓரத்தில் இரண்டு குட்டி வண்டுகள் வேறு. மொத்தத்தையும் கொட்டிவிட்டு பீரோவில் இருந்த பாக்கெட்டைப் பிரித்தேன். அது வாங்கிய அன்று இருந்தது போலவே மாவாக, வாடையில்லாமல் இருந்தது.

ஒரே கடை, ஒரே நாள், ஒரே மண். ஒன்று மட்டும் ஏன் கெட்டது? இது புரிந்துவிட்டால் கீழே சொல்லும் எல்லாப் படிகளும் தானாகவே புரியும்.

களிமண் என்பது கனிமம். பூசணத்துக்கோ வண்டுக்கோ அதில் தின்ன ஒன்றுமில்லை. கடலை மாவிலும் பூப்பொடியிலும் தாராளமாக இருக்கிறது. அப்புறம், முல்தானி மெட்டியும் பென்டோனைட் எனும் இன்னொரு களிமண்ணும் ஏடு ஏடாக அடுக்கிய அமைப்பு கொண்டவை. முகத்தில் எண்ணெயை இழுப்பது அந்த ஏடுகள்தான். டப்பாவுக்குள் காற்றின் ஈரத்தை இழுப்பதும் அவையேதான். கயோலின் எனும் வெள்ளைக் களிமண் அவ்வளவு ஊறாது, அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். ஆக, மண் கெடுவதில்லை. மண்ணோடு நாம் சேர்ப்பதும், மண்ணுக்குள் நாம் விடும் ஈரமும்தான் கெடுக்கின்றன.

படி 1: வாங்கும்போதே பாருங்கள்

பாக்கெட்டில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, பேட்ச் எண், உரிம எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற விவரம் எல்லாம் இருக்க வேண்டும். இந்தியாவின் அழகுசாதனப் பொருள் விதிகள், 2020 இதைக் கேட்கின்றன. மூட்டையிலிருந்து அள்ளி, காகிதத்தில் பொட்டலம் கட்டிக் கொடுப்பதில் இது எதுவும் இருக்காது. அந்த மூட்டை எத்தனை மழையைப் பார்த்தது என்று நமக்குத் தெரியாது. மண்ணில் இயல்பாகவே கன உலோகங்கள் கலந்திருக்கலாம் என்பது இன்னொரு காரணம். 2016-இல் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம், ஈயம் அதிகமாக இருந்ததால் சில பென்டோனைட் பொடிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரித்தது. தயாரிப்பாளர் யார் என்று தெரிந்தால்தான் கேள்வி கேட்க முடியும். பூச்சுக்கு வாங்கிய மண்ணை ஒருபோதும் வாயில் போடாதீர்கள். கர்ப்பிணிகளுக்கு மண் தின்னும் ஆசை வருவதுண்டு. அவர்கள் இருக்கும் வீட்டில் இதை அவசியம் சொல்லிவையுங்கள்.

படி 2: பாட்டிலைத் தயார் செய்யுங்கள்

இறுக்கமான மூடியுள்ள கண்ணாடி பாட்டில் போதும், ஊறுகாய் பாட்டிலாக இருந்தாலும் சரி. ஆனால் ஊறுகாய் வாசனை முழுவதும் போயிருக்க வேண்டும், களிமண் வாசனையையும் இழுத்துக்கொள்ளும். வெந்நீரில் கழுவி, கவிழ்த்து வைத்து, நல்ல வெயிலில் ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். துணியால் துடைத்துவிட்டு உடனே பொடியைக் கொட்டினால், கழுத்துப் பகுதியில் நிற்கும் ஈரமே போதும், கட்டி பிடிக்க.

உலோகம் பட்டாலே களிமண்ணின் சத்து போய்விடும் என்று ஒரு பேச்சு உண்டு. உலர்ந்த பொடியை எவர்சில்வர் கரண்டியால் அள்ளுவதால் ஒன்றும் ஆகாது. தகர டப்பாவில் மாதக்கணக்கில் வைப்பதுதான் கூடாது. ஈரம் பட்டால் துரு பிடித்து பொடியில் இறங்கும்.

படி 3: நிரப்புங்கள், தேதி எழுதுங்கள்

மெதுவாகக் கொட்டுங்கள், மூக்கையும் வாயையும் துணியாலோ மாஸ்க்காலோ மூடிக்கொள்ளுங்கள். களிமண் தூசியில் சிலிக்கா துகள்கள் இருக்கலாம், அவை நுரையீரலுக்கு ஆகாது. ஆஸ்துமா இருப்பவர்களும் குழந்தைகளும் பக்கத்தில் வேண்டாம். பிறகு ஒரு டேப் ஒட்டி, என்ன பொடி, என்று பிரித்தது, பாக்கெட்டில் போட்ட கடைசித் தேதி என்ன என்று மூன்றையும் எழுதுங்கள். பாக்கெட்டைத் தூக்கிப் போட்ட பிறகு அந்தத் தேதி யாருக்கும் நினைவிருக்காது.

எத்தனை நாள் வைக்கலாம்? நான் வைத்திருக்கும் கணக்கு இது: தனிக் களிமண் என்றால் பிரித்து ஒரு வருடம், அதற்குள் பாக்கெட்டின் கடைசித் தேதி வந்துவிட்டால் அந்தத் தேதிவரை. மாவோ மூலிகையோ கலந்த பொடி என்றால் மூன்று மாதம். தண்ணீர் சேர்த்துக் குழைத்தது என்றால் அந்த வேளைக்கு மட்டும்.

படி 4: இடம்

குளியலறை வேண்டவே வேண்டாம். அடுப்புக்கு மேல் அலமாரியும் வேண்டாம், குக்கர் ஆவி அங்கேதான் போகிறது. துணி பீரோ நல்ல இடம், ஆனால் அந்துருண்டை போட்ட தட்டில் வைக்காதீர்கள். பொடி முழுக்க அந்த வாடை ஏறிவிடும். ஃப்ரிட்ஜில் வைத்தால் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். குளிர்ந்த பாட்டிலை வெளியே எடுத்துத் திறந்ததும் காற்றின் ஈரம் பொடியில் படியும், அதனால் உலர்ந்த பொடிக்கு அது தேவையில்லை. கடலோர ஊர்க்காரர்கள் அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஈரத்தை இழுக்கும் சிலிக்கா ஜெல் பாக்கெட் ஒன்றை, பிரிக்காமல், உள்ளே போட்டு வையுங்கள்.

படி 5: எடுப்பதும் கலப்பதும்

இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். குளித்துவிட்டு ஈரக் கையோடு பாட்டிலுக்குள் விரலை விடுவது, முகத்துக்குக் குழைத்த கரண்டியையே மறுபடி உள்ளே விடுவது, இரண்டுமே பாட்டிலைக் கெடுத்துவிடும். காய்ந்த கரண்டி ஒன்றை இதற்கென்றே ஒதுக்குங்கள். பெரிய பாட்டிலிலிருந்து பத்து நாளுக்கு வேண்டியதை மட்டும் சின்ன டப்பாவுக்கு மாற்றிக்கொண்டால், பெரிய பாட்டிலை அடிக்கடி திறக்க வேண்டாம்.

கடலை மாவு, ஆவாரம்பூ, மஞ்சள் எல்லாம் தனித்தனி டப்பாவிலேயே இருக்கட்டும். வேண்டும்போது ஒரு ஸ்பூன் இதிலிருந்து, அரை ஸ்பூன் அதிலிருந்து என்று கிண்ணத்தில் கலந்துகொள்ளுங்கள். நான் கொட்டிய டப்பா கற்றுக்கொடுத்தது இதைத்தான்.

குழைத்ததில் மிச்சம் இருந்தால் எடுத்து வைக்காதீர்கள், அதிலும் தயிர், பால், தேன் சேர்த்ததை. மண்ணில் கிருமி வித்துகள் உறங்கிக் கிடக்கும். உலர்ந்திருக்கும்வரை அவை பெருகாது, தண்ணீர் கிடைத்தால் எழுந்துவிடும். ஃப்ரிட்ஜ் அவற்றைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. வெட்டுக்காயத்திலும் உடைந்த பருவிலும் களிமண் பூசக் கூடாது என்பதும் இதே காரணத்தால்தான்.

படி 6: மாதம் ஒருமுறை சோதனை

பாட்டிலை லேசாகச் சாய்த்துப் பாருங்கள். பொடி மணல் போலச் சரிந்தால் நல்லது. ஒட்டிக்கொண்டு பாளமாக நகர்ந்தால் ஈரம் ஏறியிருக்கிறது. தனிக் களிமண்ணாக இருந்து, வாடையும் புள்ளியும் இல்லாமல் வெறும் கட்டி மட்டும் என்றால் காப்பாற்றலாம். தட்டில் மெல்லிசாகப் பரப்பி, மேலே வெள்ளைத் துணி கட்டி, உச்சி வெயிலில் இரண்டு மூன்று மணி நேரம் வையுங்கள். நிழலில் நன்றாக ஆறிய பிறகே சலித்து பாட்டிலில் போடுங்கள். சூட்டோடு மூடினால் மூடியின் உட்புறம் வியர்த்துவிடும்.

பச்சை, கறுப்புப் புள்ளி, புளித்த வாடை, வண்டு, நூலாம்படை போன்ற இழை, இதில் எது தெரிந்தாலும் கொட்டிவிட வேண்டியதுதான். பூசணம் பிடித்த இடத்தை மட்டும் அள்ளிவிட்டு மீதியைக் காயவைத்துப் பூசுவது ஆபத்து. வித்துகள் கண்ணுக்குத் தெரியாமல் டப்பா முழுக்கப் பரவியிருக்கும், வெயிலை நம்ப முடியாது.

கொட்டும்போது சிங்க்கில் கொட்டாதீர்கள், களிமண் ஊறிக் குழாயை அடைத்துக்கொள்ளும். குப்பையில் கட்டிப் போடுங்கள், அல்லது தோட்டம் இருந்தால் மண்ணோடு கிளறிவிடுங்கள். புதுப் பொடி நிரப்புவதற்கு முன் மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றித் தேய்த்துக் கழுவுங்கள், பழைய பொடி அதன் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும்.