மருந்துச் சீட்டுச் சுருக்கங்கள்: எங்கே தவறு நடக்கிறது?

பி.டி. என்றால் நாளுக்கு இரண்டு வேளை, டி.டி.எஸ். என்றால் மூன்று வேளை, எச்.எஸ். என்றால் படுக்கப் போகும் நேரம். இவற்றில் பெரிய குழப்பம் வருவதில்லை. மெடிக்கல் ஷாப்பிலேயே கவரில் 1-0-1 என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள்.

எஸ்.ஓ.எஸ். அப்படியல்ல. தேவைப்பட்டால் மட்டும் போடுங்கள் என்பதுதான் அதன் பொருள். ஏதோ அவசர ஆபத்துக்கான மாத்திரை என்று பயந்து, காய்ச்சல் கொதிக்கும்போதும் தொடாமல் வைத்திருப்பவர்கள் உண்டு. காய்ச்சல் விட்ட பிறகும் வேளை தவறாமல் விழுங்குபவர்களும் உண்டு. அப்புறம் ஓ.டி.: மாத்திரைக்குப் பக்கத்தில் இருந்தால் நாளுக்கு ஒரு வேளை, கண்ணாடிச் சீட்டில் இருந்தால் வலது கண்.

உண்மையிலேயே உயிரோடு விளையாடுவது இன்சுலின் அளவில் நடக்கும் தவறுதான். யூனிட் என்பதை ‘யூ’ என்ற ஒற்றை ஆங்கில எழுத்தாகச் சுருக்கினால், அவசரக் கையெழுத்தில் அது பூஜ்யம் போலத் தெரியும். 10 யூனிட் 100 ஆகிவிடும். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் ஜாயிண்ட் கமிஷன், பயன்படுத்தக் கூடாத சுருக்கங்களின் பட்டியலில் 2004-லேயே இதைச் சேர்த்துவிட்டது.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள இன்சுலினும் கிடைக்கிறது, 100 யூனிட் உள்ளதும் கிடைக்கிறது. சிவப்பு மூடி சிரிஞ்சு 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 100 யூனிட் இன்சுலினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20-ஆம் கோடு வரை இழுத்தால், உடம்புக்குள் போவது 50 யூனிட். சர்க்கரை சடாரென்று இறங்கி மயக்கம் வரும், உயிரே போகலாம். குப்பியில் இருக்கும் எண்ணும் சிரிஞ்சில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாருங்கள்.

குழந்தை மருந்தில் எம்.ஜி.யையும் (மருந்தின் எடை) எம்.எல்.லையும் (திரவத்தின் அளவு, அதாவது மில்லி) ஒன்றாக நினைக்காதீர்கள். பாராசிட்டமால் சொட்டு மருந்து பலவற்றில் ஒரு மில்லிக்கே 100 எம்.ஜி. இருக்கும், சாதாரண சிரப்பில் 5 மில்லிக்கு 125 எம்.ஜி.தான். சிரப்பின் அளவில் சொட்டு மருந்தைக் கொடுத்தால் நாலு மடங்கு போய்விடும்.

சீட்டு புரியவில்லையா, டாக்டரிடமே திருப்பிக் கேளுங்கள், கூச்சமே வேண்டாம். புரியும்படி, முடிந்தால் ஆங்கிலக் கேபிடல் எழுத்தில் எழுதச் சொல்லி இந்திய மருத்துவக் கவுன்சில் 2016-லேயே விதி போட்டிருக்கிறது.

மாத்திரைப் பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். என்றிருந்தால், அது மெல்ல மெல்ல மருந்தை விடும் வகை. விழுங்கக் கஷ்டப்படுகிறாரே என்று பெரியவர்களுக்கு அதைப் பொடித்துக் கொடுத்தால், நாள் முழுவதற்குமான மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும். டாக்டரிடம் சொன்னால் வேறு வகையாக மாற்றித் தருவார்.