மிதித்தும் இழுக்காத வண்டி

மேடு ஏறும்போது ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தாலும் என் டீசல் கார் இழுக்கவில்லை. ஐடிலில், அதாவது மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது, ஒரு குறையும் இல்லை. இன்ஜின் சுற்று நிமிடத்துக்கு 2,000-ஐ (ஆர்பிஎம்) தாண்டினால்தான் திணறியது, பின்னால் கரும்புகை வேறு.

டீசல் ஃபில்டரை மாற்றினேன், ஏர் ஃபில்டரையும் மாற்றினேன். பலன் இல்லை. டீசல் போதாவிட்டால் பொதுவாகக் கரும்புகை வராது, காற்று போதாதபோதுதான் வரும். இதை முதலிலேயே யோசித்திருக்க வேண்டும்.

அப்புறம் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினேன். மிதிக்க மிதிக்க 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம். இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளுவது டர்போ, அந்தக் காற்றைக் குளிர்விப்பது இன்டர்கூலர். இன்ஜின் ஆறியதும் டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸைத் தடவிப் பார்த்தேன். மேல்பக்கம் நன்றாகத்தான் இருந்தது. அடியில் விரல் வைத்ததும் எண்ணெய்ப் பிசுக்கு. துடைத்துவிட்டு வளைத்தால், ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்புக்குப் பக்கத்தில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு வாய் பிளந்தது. சும்மா இருக்கும்போது மூடிக்கொள்கிறது, டர்போ காற்றை அழுத்தும்போது திறந்துகொள்கிறது. பார்வைக்கு எப்படித் தெரியும்?

டேப் சுற்றிச் சமாளிக்கலாம் என்றார்கள். அந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும் டேப் நிற்காது. புது ஹோஸ், புது கிளாம்ப் போட்டேன். அதே மேட்டில் வண்டி முக்காமல் ஏறியது, புகையும் இல்லை.