புது வண்டியும் உப்புக்காற்றும்: ஆரம்பத்திலேயே வீட்டில் செய்துகொள்ள வேண்டிய சின்ன வேலைகள்

உச்சிப்புளியில் குடியிருந்துகொண்டு வேலைக்காக மண்டபத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் ஓடுகிறவனுக்கு 100 சிசி வண்டி தாராளமாகப் போதும். புதிதாக ஒன்று வாங்கி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை, இந்த வகை வண்டிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அமைப்புதான். எஞ்சின் சத்தமில்லாமல் ஓடுகிறது, கியர் கொஞ்சம் இறுக்கமாக விழுகிறது, அது ஓட ஓடச் சரியாகிவிடும். சீட்டு மட்டும் பார்க்கத்தான் மெத்தை.

புது வண்டி என்றால் எல்லாரும் முதலில் மைலேஜைத்தான் கேட்கிறார்கள். ரன்னிங் இன், அதாவது புது எஞ்சின் ஓடிப் பழகுகிற ஆரம்பக் காலம், முடியாமல் மைலேஜ் பார்ப்பதில் அர்த்தமே இல்லை, அதிலும் மேற்கேயிருந்து கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் ராமேஸ்வரத்திலிருந்து மேற்கே திரும்பி வரும்போது, சின்ன எஞ்சின் காற்றை எதிர்த்துத் திணறுகிற நேரத்தில், பார்க்கவே கூடாது. நம் பக்கத்தில் பார்க்க வேண்டியது வேறு. வடக்கே பெண்கடல் (பாக் நீரிணை), தெற்கே ஆண்கடல் (மன்னார் வளைகுடா), எந்தப் பக்கமிருந்து காற்று வந்தாலும் அதில் உப்பு இருக்கிறது. அந்த உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அதனால் மழை இல்லாத நாளிலும் இரும்பு காயவே காயாது. மதுரையில் மூன்று வருஷம் கழித்து வருகிற துரு இங்கே முதல் மாதத்திலேயே சென்டர் ஸ்டாண்டு ஸ்பிரிங்கிலும் சைலன்சர் போல்ட்டிலும் எட்டிப் பார்க்கும். எஞ்சினைத் தொடாதீர்கள். அதைச் சுற்றி இருக்கிற சில்லறைச் சாமான்களைக் கவனித்தால் போதும்.

முதலில் தண்ணீர்

போர் தண்ணீரில் வண்டி கழுவாதீர்கள். நம் கரையோரத்தில் பல வீடுகளில் போர் தண்ணீரே உப்புக் கரிக்கும், அதில் கழுவினால் உப்பை உப்பால் துடைத்த கதைதான். காவிரித் தண்ணீர் வருகிற நாளில் ஒரு வாளி பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். குடம் கணக்கில் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்குகிற வீட்டில் இதைச் சொன்னால் திட்டு விழும், தெரியும், ஆனால் ஒரு வாளிக்கு மேல் தேவையில்லை.

எஞ்சின் ஆறட்டும். மேலே டேங்க்கில் ஊற்றி வீணாக்காமல், மக்கால் மோந்து கீழ்ப்பகுதிகளில் மட்டும் ஊற்றுங்கள்: மட்கார்டின் உள்பக்கம், ஸ்போக்ஸ் போய் ரிம்மில் சேருகிற நிப்பிள்கள், ஸ்டாண்டு, பின் ஷாக் அப்சார்பரின் அடி. தனுஷ்கோடி போய் வந்த மறுநாள் நிப்பிளைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள், வெள்ளையாகப் பொருக்கு ஒட்டும். மேல்பகுதிக்கு ஈரத்துணி போதும், ஆனால் மணலை ஊதித் தட்டிவிட்டுத் துடையுங்கள், இல்லாவிட்டால் பெயிண்டில் கீறல் விழும். துடைத்ததும் வண்டியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுக் காய வையுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் கவர் போட்டு மூடுவதைவிட மூடாமல் விடுவது மேல்.

அப்புறம் செயின்

இதுதான் முக்கியமான வேலை, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். புது செயின் ஆரம்பத்தில் கொஞ்சம் நீளும், தொய்வு வரும். கியர் மாற்றும்போது ‘டக்’ என்று இழுப்பு தெரிந்தால் அல்லது செயின் கவருக்குள் சலசலவென்று சத்தம் வந்தால் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

சென்டர் ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில் வையுங்கள். எஞ்சின் அணைந்திருக்க வேண்டும், ஓடுகிற எஞ்சினில் செயின் பக்கம் விரல் கொண்டுபோய் விரலை இழந்தவர்கள் உண்டு. செயின் கவரில் ஒரு ரப்பர் மூடி இருக்கும், அதைக் கழற்றினால் செயினின் கீழ் வரிசை தெரியும். ஸ்க்ரூ டிரைவரால் மேலும் கீழும் தூக்கிப் பாருங்கள். மொத்த ஆட்டம் பெரும்பாலான வண்டிகளுக்கு 20-லிருந்து 30 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். உங்கள் வண்டிக்குச் சரியான அளவு வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள், சக்கரத்தைக் கையால் உருட்டி உருட்டி நாலைந்து இடத்தில் பார்த்து, எங்கே ரொம்ப இறுக்கமாக இருக்கிறதோ அந்த இடத்தின் அளவைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

தொய்வு அதிகமென்றால் பின் ஆக்சில் நட்டை லூஸ் பண்ணுங்கள். சில வண்டிகளில் ஸ்பிராக்கெட் (செயின் ஓடுகிற பல்சக்கரம்) பக்கம் ஸ்லீவ் நட் என்று இன்னொன்றும் இருக்கும், அதையும் இளக்கினால்தான் சக்கரம் நகரும். பின் பிரேக் ராடு நட்டையும் சில சுற்று இளக்கிவிடுங்கள். இப்போது இரண்டு பக்கத்து அட்ஜஸ்டரையும் ஒரே அளவு திருக வேண்டும். கோடு போட்டிருப்பார்கள், இடதும் வலதும் ஒரே கோட்டில் நிற்கட்டும். ஒரு பக்கம் கூடினால் சக்கரம் கோணலாக நின்று செயினையும் ஸ்பிராக்கெட்டையும் சேர்த்துத் தின்றுவிடும். அளவு வந்ததும் நட்டுகளை நன்றாக டைட் செய்து, தொய்வை இன்னொரு முறை பாருங்கள். டைட் செய்யும்போதே அளவு மாறுவது சகஜம். ரொம்ப இறுக்கியும் விடாதீர்கள், பின்னால் ஆள் உட்கார்ந்தால் செயின் இன்னும் இறுகும்.

எண்ணெய் விஷயம். பழைய எஞ்சின் ஆயிலைச் செயினில் ஊற்றுகிற வழக்கத்தை விட்டுவிடுங்கள். கரையோர மணலும் எண்ணெயும் கலந்தால் சாணைக்கல் மாதிரிதான். மண்ணெண்ணெய் நனைத்த பனியன் துணியால் செயினைத் துடைத்து, காயவிட்டு, 90 கிரேடு கியர் ஆயிலோ கடையில் விற்கிற செயின் ஸ்பிரேயோ மெலிதாகப் போட்டு, கொஞ்ச நேரம் கழித்து வெளியே வழிந்ததைத் துடைத்தெடுங்கள். எண்ணெய் இருக்க வேண்டியது உருளைகளுக்கு உள்ளே. பெட்ரோல் போட்டுக் கழுவாதீர்கள்.

பின் பிரேக்

சக்கரம் பின்னால் நகர்ந்ததால் பிரேக் ராடு இழுபட்டு, பெடல் ஆட்டம் குறைந்திருக்கும். பெடலைக் கையால் அழுத்தினால் பிடிக்க ஆரம்பிப்பதற்கு முன் 20-லிருந்து 30 மில்லிமீட்டர் சும்மா இறங்க வேண்டும், அதற்கேற்ப ராடு நட்டைத் திருகுங்கள். சக்கரத்தைச் சுற்றிவிட்டால் உரசாமல் சுற்ற வேண்டும். கடைசியாகப் பின் லைட் சரியான நேரத்தில் எரிகிறதா பாருங்கள். லேட்டாக எரிந்தால் பிரேக் சுவிட்சின் நட்டைத் திருக வேண்டும், சுவிட்சைப் பிடித்துத் திருகினால் வயர் முறுக்கிக்கொள்ளும்.

கிளட்ச், கண்ணாடி, சாவித் துவாரம்

கிளட்ச் லீவரின் நுனியில் 10-லிருந்து 15 மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால் சரி. இல்லையென்றால் லீவர் பக்கத்து லாக் நட்டை இளக்கி அட்ஜஸ்டரைத் திருகுங்கள், முடிந்ததும் லாக் நட்டை மறக்காமல் இறுக்குங்கள்.

பாம்பன் பாலத்தில் ஏறினால் பக்கவாட்டுக் காற்றில் கண்ணாடி தானாகத் திரும்பிக்கொள்கிறதா? அடியில் இருக்கிற லாக் நட் லூஸ், அவ்வளவுதான். சில வண்டிகளில் வலது கண்ணாடியின் மரை எதிர்த்திசையில் இருக்கும், திரும்பவில்லை என்று பலம் காட்டாதீர்கள். பாலத்தில் கண்ணாடியைச் சரிசெய்ய ஒரு கையை எடுக்கவே வேண்டாம், 110 கிலோ வண்டியைக் காற்று ஒரு தள்ளு தள்ளினால் பக்கத்தில் வருகிற பஸ்ஸின் மேல்தான் போய் நிற்கும்.

சாவி சிக்கினால் எண்ணெய் விடாதீர்கள், மணல் ஒட்டிக்கொள்ளும். பென்சில் முனையைச் சீவி அந்தக் கரித்தூளைச் சாவியில் தடவி உள்ளே விட்டு எடுங்கள், போதும்.

பேட்டரி முனை

சாவியை அணைத்து, முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ் என்று கழற்றுங்கள். பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் துடைத்து, பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில் மாட்டி, மேலே வாசலின் தடவுங்கள். காலையில் செல்ஃப் எடுக்கவில்லை என்று பேட்டரியையே மாற்றச் சொல்வார்கள், அதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

மெக்கானிக்கிடம் விட வேண்டியது

முதல் சர்வீஸ் பொதுவாக 500-லிருந்து 750 கிலோமீட்டருக்குள் வரும். வாரண்டிக்காக அதைத் தவறவிடாதீர்கள். வால்வு, ஃபியூயல் இன்ஜெக்ஷன், ஸ்டீயரிங் கோன் செட் இதெல்லாம் அவர்கள் வேலை. ஆனால் ஒன்றை வாயால் சொல்லாமல் ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லுங்கள்: இரண்டு ஆக்சிலையும் உருவி, கிரீஸ் தடவிப் போட வேண்டும். அவர்களாகச் செய்ய மாட்டார்கள். உப்பில் ஆக்சில் ஒருமுறை பிடித்துக்கொண்டால், ஏதாவது ஒரு கருவேல முள் ஏறி நடுரோட்டில் பஞ்சர் ஒட்ட நிற்கிற அன்றைக்குச் சக்கரத்தைக் கழற்றச் சுத்தியலைத்தான் தேட வேண்டியிருக்கும்.