பறவையைப் பார்க்கிறோம், விற்கும் இடத்தைப் பார்ப்பதில்லை

"லவ் பேர்ட்ஸ் ஜோடி எவ்வளவுங்க?" என்று கேட்டபடியே கூண்டுக்குள் எட்டிப் பார்த்து, நீலம் பிடித்திருந்தால் நீலம், மஞ்சள் பிடித்திருந்தால் மஞ்சள் என்று கை காட்டிவிடுகிறோம். எச்சத் தட்டு எப்படி இருக்கிறது, தண்ணீர்க் கிண்ணத்தில் பாசி படிந்திருக்கிறதா என்று பார்ப்பது கிடையாது.

நானும் முதல் ஜோடியை ஒரு சந்தையில் அப்படித்தான் வாங்கினேன். மூன்றாம் நாள் காலை ஒன்று கூண்டின் தரையில் பஞ்சு உருண்டை மாதிரி உப்பிக் கிடந்தது. மாலைக்குள் போய்விட்டது. அடுத்த வாரம் விற்றவரைத் தேடிப் போனால், அந்த இடத்தில் ஒருவர் பழைய மிக்ஸி விற்றுக்கொண்டிருந்தார்.

சந்தையில் வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே பல வீட்டுப் பறவைகள் ஒரே கூண்டில் அடைபடும். ஒன்றின் நோய் எல்லாவற்றுக்கும் தொற்றும். போதாக்குறைக்கு, பறவைகள் நோயை முடிந்தவரை மறைக்கும். ஆள் கிட்டே போனால் உடனே சுதாரித்து நிற்கும். அதனால் ஐந்து நிமிடம் தள்ளி நின்று பாருங்கள். பகலில் உப்பிக்கொண்டு தூங்குவது, மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்குவது, பின்பக்க இறகில் எச்சம் ஒட்டியிருப்பது, மூன்றில் எது இருந்தாலும் வேண்டாம். கையில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். நெஞ்செலும்பு கத்தி முனை போலத் துருத்தினால் அது இளைத்துப்போன பறவை.

வயதிலும் ஏமாற்று உண்டு. லவ் பேர்ட்ஸ் என்று நம் ஊரில் விற்பது பெரும்பாலும் ஆஸ்திரேலியாவைப் பூர்வீகமாகக் கொண்ட பட்ஜி. சாதாரணப் பச்சை, நீலப் பட்ஜி குஞ்சு என்றால் நெற்றிக் கோடுகள் மூக்குச் சதை வரை இறங்கியிருக்கும், கண் முழுக்கக் கறுப்பாக இருக்கும். மூன்று நான்கு மாதத்தில் நெற்றி வெளுத்துவிடும். கண்ணில் வெள்ளை வளையம் அதற்கு அப்புறம் மெல்லத் தெரிய ஆரம்பிக்கும். வளையம் தெளிவாகத் தெரியும் பறவையைக் காட்டி "ரெண்டு மாசக் குட்டி சார்" என்றால் சிரித்துவிட்டு நகருங்கள்.

எனக்கு அதிகம் கோபம் வரும் இடம் ஹேண்ட் ஃபீட் குஞ்சு வியாபாரம். தானாகத் தின்னாத குஞ்சை வாங்கி நாமே ஊட்டினால்தான் ஒட்டிக்கொள்ளும் என்கிறார்கள். கூழ் கொஞ்சம் சூடு அதிகமானால் இரைப்பை வெந்துவிடும். அவசரமாக ஊட்டினால் மூச்சுக்குழாயில் போய்விடும். இரை தின்னப் பழகிய இளம் பறவையும் பொறுமையாகப் பழக்கினால் தோளில் வந்து உட்காரும்.

அப்புறம் பச்சைக்கிளி. கிளி ஜோசியரிடம் பார்த்துப் பழகிய பறவைதான், ஆனால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை விற்பதும் வாங்குவதும் வளர்ப்பதும் குற்றம். 2022 திருத்தத்துக்குப் பிறகு, பாதுகாக்கப்பட்ட உயிரினங்களைப் பட்டியலிடும் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. மைனா, முனியா என்கிற சில்லைக் குருவி போன்ற நம் நாட்டுக் காட்டுப் பறவைகளும் அப்படித்தான். சில்லைக்குச் சாயம் பூசி வெளிநாட்டுக் குருவி என்று விற்பதும் நடக்கிறது. "கூண்டில் பிறந்ததுதான்" என்ற சமாதானம் செல்லாது. சன் கனூர், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி போன்ற வெளிநாட்டுக் கிளிகளை வளர்க்கலாம், ஆனால் 2024 விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். விற்பவரிடம் பேப்பர் இல்லையென்றால் நாளை மாட்டப்போவது வாங்கியவர்தான். பட்ஜிக்கும், கொண்டை வைத்த காக்டெயில் கிளிக்கும் இந்தத் தொல்லை இல்லை.

வீடியோ பார்த்து அட்வான்ஸ் ஜிபே செய்து, "பஸ்ஸில் போட்டுவிடுகிறேன்" என்பவரிடம் வாங்குவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

நான் இப்போது வீட்டில் வளர்த்து விற்பவரிடம்தான் போகிறேன். தாய் தகப்பன் பறவைகளைக் காட்டத் தயங்குபவரிடம் வாங்குவதில்லை. கிளம்பும்போது அவர் போடும் அதே தானியத்தில் ஒரு கிலோ கேட்டு வாங்கிக்கொள்வேன். திடீரென இரை மாறினால் சில பறவைகள் தின்னாமலே கிடக்கும். வீட்டில் ஏற்கெனவே பறவை இருந்தால், புதிதாக வந்ததற்கு ஒரு மாதம் தனி அறை, தனிக் கிண்ணம். பழைய கூண்டுக்கு இரை வைத்த பிறகுதான் புதிதின் பக்கம் போவேன், அப்புறம் சோப்புப் போட்டுக் கை கழுவல்.