உழைப்பு கண்ணில் பட்ட பிறகுதான் சம்பளம் கூடியது

நேரத்துக்கு வருவேன், கொடுத்த வேலையை முடிப்பேன். ஆனாலும் சம்பள உயர்வு என்று வந்தால் என் பெயர் கடைசியில்தான். அதை முடிவு செய்யும் கூட்டத்தில் நான் இருப்பதில்லை; எனக்காகப் பேச வேண்டியவர் மேலாளர். அவர் எடுத்துச் சொல்ல ஏதாவது வேண்டுமே!

அதனால் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். "கடுமையாக உழைத்தேன்" என்றெல்லாம் இல்லை. "மாதக் கடைசியில் இருப்புக் கணக்கு உதைத்துக்கொண்டே இருந்தது. வரவுச் சீட்டுகளை அன்றன்றே பதிந்தேன். இப்போது முதல் தடவையிலேயே கணக்கு நேராகிறது." இப்படி, என்ன சிக்கல், என்ன செய்தேன், என்ன மாறியது என்று மட்டும்.

ஒரு வேலை தாமதமாகும் என்று தெரிந்தால் கெடுவுக்கு முன்பே சொல்லிவிடுவேன். என் மேல் நம்பிக்கை வளர்ந்தது முக்கியமாக இதனால்தான்.

அப்புறம், ஆண்டு மதிப்பீடு வரை காத்திருக்கவில்லை. பெரும்பாலும் அதற்குள் பட்ஜெட் முடிவாகிவிடும். சில மாதங்கள் முன்பே நோட்டைக் காட்டி, "அடுத்த பொறுப்புக்கு என்னிடம் என்ன குறைகிறது சார்?" என்று கேட்டேன். புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கச் சொன்னார், கொடுத்தேன். அந்த வருடம் சம்பளமும் கூடியது, மேற்பார்வையாளர் பொறுப்பும் வந்தது.